கஞ்சா வழக்கில் பெண்கள்: வேலூர் வக்கீல் அக்காவிடம் கேள்வி பதில்

கஞ்சா பழக்கம் உள்ள பெண்கள்தான் இந்த வழக்குகளில் மாட்டுகிறார்களா, அக்கா? (குடியாத்தம்)

என்னிடம் வரும் வழக்குக் கட்டுகளைப் பார்த்தால், பெரும்பாலும் அதைத் தொட்டே பார்க்காதவர்கள்தான். குழுக்கடன் தவணை கழுத்தை நெரிக்கும் நேரம் பார்த்து ஒருவன் வருவான். "பையைக் காட்பாடியில இறக்கிக் கொடும்மா, டிக்கெட் என் செலவு" என்பான். மேலே நாலு புடவை, குழந்தைத் துணி. அடியில் பழுப்பு டேப் சுற்றிய பண்டல். கைக்குழந்தைக்காரியை யார் சந்தேகப்படுவார்கள் என்பது அவன் கணக்கு. சோதனை என்றால் அவன் அடுத்த பெட்டியிலிருந்து இறங்கி நடையைக் கட்டுவான். அவன் பேரைக் கேட்டால், "அண்ணன்னுதான் கூப்பிடுவோம்" என்பாள்.

பையில் என்னவென்றே தெரியாது என்றால் விடமாட்டார்களா? (காட்பாடி)

கஷ்டம். 1985 போதைப்பொருள் சட்டத்தின் 35-வது பிரிவுப்படி, தெரிந்தே வைத்திருந்ததாகத்தான் கோர்ட் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பாடு. மற்றபடி எடைதான் தலையெழுத்து. கஞ்சா 1 கிலோ வரை என்றால் ஓராண்டு வரை சிறை. 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தது 10 ஆண்டு, ஜாமீனும் லேசில் கிடைக்காது. தூக்கியவளும் முதலாளியும் சட்டத்துக்கு ஒன்று. எனக்கு இதில் உடன்பாடில்லை.

ஆண் போலீஸ் சோதிக்கலாமா? (ஆம்பூர்)

உடம்பைப் பெண்தான் சோதிக்க வேண்டும், 50-வது பிரிவு. பைக்கு அது பொருந்தாது.

தங்கை வலி மாத்திரைக்கு அடிமையாகி, வீட்டு நகையை எடுத்து அடகு வைக்கிறாள். போலீசிடம் போகலாமா? (பெயர் வேண்டாம்)

முதலில் டாக்டரிடம் போங்கள். வேலூர் பாகாயத்தில் சிஎம்சி மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. போதை மீட்பு உதவி எண் 14446-க்கும் போன் செய்யலாம். அறையில் பூட்டி வைக்காதீர்கள். மாத்திரை திடீரென நின்றால் உடம்பு முறுக்கும், தூக்கம் போகும். பையன் என்றால் ஊரே சொல்லிவிடும். பெண் என்றால், "கல்யாணம் ஆகணுமே" என்று வீடே மூடி மறைக்கும். அந்த இடைவெளியில்தான் வீட்டு நகையில் ஆரம்பித்தது பக்கத்து வீட்டு நகைக்குப் போகிறது.

போதைப்பொருளைப் பயன்படுத்தியதற்காக வழக்கு வந்தால், தானாக முன்வந்து சிகிச்சை எடுப்பவருக்கு அதே போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு விலக்கு தரும். சிகிச்சையைப் பாதியில் விட்டால் அதுவும் போச்சு. திருட்டு வழக்குக்கு இது உதவாது.

அம்மா உள்ளே போனால் குழந்தை? (அணைக்கட்டு)

ஆறு வயது வரை தாயோடு சிறையில் இருக்கலாம். வக்கீலுக்குக் காசில்லை என்று சும்மா இருக்காதீர்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. அதற்கான போன் எண் 15100.