லீஃபா அட்டோ 3-ஆ, எது கெதியா இழுக்கும்?

கிளிநொச்சியில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார், 40 கிலோவாட் அவர் பற்றரி போட்ட நிசான் லீஃப், பிவைடி அட்டோ 3 எண்ட ரெண்டு மின்சாரக் காரும் பக்கத்தில பக்கத்தில நிண்டு எடுத்தா எது முந்தும் எண்டு. பேப்பரில பாத்தா அட்டோதான், 0 இல இருந்து மணிக்கு 100 கிலோமீற்றர் வேகம் பிடிக்க 7.3 செக்கன், லீஃபுக்கு 7.9. ஆனா அந்த அரைச் செக்கன் சொச்சத்த வச்சு முடிவெடுக்காதேங்கோ.

ஏனெண்டா லீஃபின்ர டோர்க் (மோட்டர் சுழட்டுற இழுவை) 320 நியூட்டன் மீட்டர், அட்டோவில 310தான், அதோட லீஃப் பாரமும் குறைவு, அதால நிண்ட இடத்தில இருந்து மிதிச்சா 50 கிலோமீற்றர் வேகம் வரைக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது (ரெண்டும் முன்சில்லு இழுக்கிற கார், மழைக்குள்ள சும்மா மிதிச்சு விளையாடாதேங்கோ). வேகம் கூடக்கூடத்தான் பவர் கதைக்கும், லீஃப் 110 கிலோவாட், அட்டோ 150. ஏ9 இல மாங்குளத்துக்கு அங்கால நெல்லு ஏத்தின லொறியை வெட்டேக்க அது விளங்கும். 70க்கு மேல போனா பொலிஸ் மறிக்கும், அது வேற கதை.

என்னைக் கேட்டா இதையெல்லாம் விட வன்னி வெயில்தான் பெரிய விசயம். லீஃபின்ர பற்றரிக்கு தனிக் கூலிங் இல்லை, நல்லா ஓடி ஃபாஸ்ட் சார்ஜ் போட்டு திரும்பவும் ஓடினா சூடு ஏறிக்கொண்டே போகும், பிறகு சார்ஜ் ஏறுறதும் மெதுவாகும், சூடு மிஞ்சினா பவரையும் கார் தானே குறைச்சுப்போடும். அட்டோவில பற்றரியைக் குளிராக்க சிஸ்டம் இருக்கு. பழைய லீஃப்தான் கைக்கு எட்டுதெண்டா பற்றரி ஹெல்த்தை (புதுசில இருந்ததில எவ்வளவு சார்ஜ் இன்னும் பிடிக்குதெண்டு) பாத்துட்டு காசைக் குடுங்கோ, அதிலயும் முதல் வந்த 24 கிலோவாட் அவர் பற்றரி மொடலின்ர பவர் 80 கிலோவாட்தான், அதை அட்டோவோட ஓட விடாதேங்கோ தம்பி.