கரன்ட் பெல்ட்: இதயத்தை விடுங்கள், சிறுநீர் நிறத்தைப் பாருங்கள்

வயிற்றில் கட்டிய இ.எம்.எஸ். பெல்ட்டின் (கரன்ட் கொடுத்துத் தசையைச் சுருக்கும் பெல்ட்) கரன்ட் இதயத்தை நிறுத்திவிடுமோ என்று கடிதம் முழுக்கக் கேட்டிருக்கிறீர்கள். பேஸ்மேக்கர் கிடையாது, இதய நோய் இல்லை, வயிற்றிலும் தொடையிலும்தான் வைத்தேன் என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்தப் பயம் வேண்டாம். கரன்ட் பாயும் பட்டைகளை நெஞ்சிலோ கழுத்தின் முன்பக்கமோ ஒட்டாதீர்கள், அது போதும்.

நான் கவலைப்படுவது உங்கள் கடைசி வரியைப் படித்துத்தான். “அதிகபட்ச அளவில் வைத்து வயிறு, தொடை என ஒரு மணி நேரம் ஓட்டினேன். மூன்றாம் நாள் தொடை வீங்கி, சிறுநீர் கறுப்பாகப் போனது. வலி மாத்திரை போட்டுச் சமாளிக்கிறேன்.” போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிற விஷயமா இது? முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும்.

நீங்களாகக் காலைத் தூக்கும்போது மூளை எல்லாத் தசை இழைகளையும் ஒரே நேரத்தில் வேலை வாங்காது. சில உழைக்கும், சில ஓய்வெடுக்கும், பிறகு முறை மாறும். இயந்திரத்துக்கு அந்த நாகரிகம் தெரியாது. பட்டைக்கு அடியில் எந்த இழைகள் சிக்கினவோ அவற்றையே திரும்பத் திரும்பச் சுண்டும். உடற்பயிற்சியில் தசை களைத்தால் நீங்களே நிறுத்திவிடுவீர்கள். இதுவோ டைமர் முடிந்தால்தான் நிற்கும். அளவு மீறினால் இழைகள் உடைந்து, உள்ளே இருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்குப் போகிறது. ராப்டோமயோலிசிஸ் என்போம். சிறுநீரகம் செயலிழக்கும் அளவுக்கு இது போகலாம்.

தாங்க முடியாத தசைவலி, வீக்கம், கூடவே பால் கலக்காத தேநீர் நிறத்தில் சிறுநீர் என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்தத்தில் சி.கே. (தசை உடைந்தால் கூடும் நொதி), கிரியாட்டினின் (சிறுநீரகம் வேலை செய்கிறதா என்று காட்டுவது), பொட்டாசியம் மூன்றையும் பார்ப்பார்கள். சாதாரணமாக 200-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்கும் சி.கே., இந்நிலையில் பல ஆயிரங்களைத் தாண்டும். சிறுநீரைச் சோதனைத் தாள் வைத்துப் பார்த்தால் ரத்தம் இருப்பதாகக் காட்டும், மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் சிவப்பணுக்களே இருக்காது; காரணம் மயோகுளோபின். நேரத்தில் போனால் பெரும்பாலும் சலைன் ஏற்றியே சரிசெய்துவிடலாம். வீட்டிலேயே குடம் குடமாகத் தண்ணீர் குடித்துப் பார்க்கிறேன் என்று நாளைக் கடத்தாதீர்கள். உங்களுக்கு இப்போது நிறம் தெளிந்திருந்தாலும் ஒருமுறை கிரியாட்டினின் பார்த்துவிடுங்கள். வலியும் நிறமும் இன்னும் இருந்தால் இன்றே கிளம்புங்கள்.

அப்புறம் அந்த வலி மாத்திரை. இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தையே குறைப்பவை. ஏற்கெனவே திணறும் சிறுநீரகத்துக்கு அதை யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள்? உடனே நிறுத்துங்கள். கொலஸ்டிராலுக்கு ஸ்டாட்டின் சாப்பிடுபவராக இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதுவும் சிலருக்குத் தசையைப் பாதிக்கும்.

மற்ற சந்தேகங்கள்: பட்டை ஒட்டிய இடம் சிவந்தால், சில மணி நேரத்தில் மறைந்துவிடும், கொப்புளம் வந்தால் மட்டும் நிறுத்துங்கள். புற்றுநோய் வராது. வரும் என்று பயமுறுத்தும் வீடியோவை இனி பார்க்காதீர்கள். கர்ப்பப்பைக்குக் கெடுதல் இல்லை, ஆனால் கர்ப்பமாக இருக்கும்போது கட்டக்கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்களும், சர்க்கரை நோயால் தோல் மரத்துப்போனவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

தொப்பை குறையுமா? குறையாது. கரன்ட் தசையைத்தான் சுருக்கும்; அதன் மேல் இருக்கும் கொழுப்பு அப்படியே இருக்கும். உடற்பயிற்சியே இல்லாமல் கட்டான வயிறு என்று விளம்பரம் செய்த மூன்று பெல்ட் நிறுவனங்கள் மீது அமெரிக்காவின் வர்த்தக ஆணையமான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2002-லேயே வழக்குப் போட்டது. மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு சூம்பிய தொடைக்கு பிசியோதெரபிஸ்ட் இதே கரன்ட்டை வைப்பது உண்மைதான். அங்கே அளவைப் பார்த்துப் பார்த்து ஏற்ற ஒருவர் பக்கத்தில் இருக்கிறார்.

இரண்டு பிரசவத்துக்குப் பிறகு வயிறு தொங்குகிறது என்கிறீர்கள். நடுவயிற்றில் தசைகள் விலகியிருக்கலாம். படுக்கவைத்து, தலையைத் தூக்கச் சொல்லி, விரலால் அழுத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும். சிறுநீரகம் சரியாக இருக்கிறது என்று உறுதியான பிறகு அதைப் பார்க்கலாம். அதுவரை பெல்ட் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.