மானைக் காட்டும் விரல்

ஐயா, வணக்கம். திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறோம். மகனுக்கு 20 மாதம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை; அடுத்த அறையில் பிஸ்கட் பக்கற்றைப் பிரித்தால் ஓடி வருகிறான். விளையாட்டுக் காரைக் கவிழ்த்துச் சில்லைச் சுழற்றியபடியே இருக்கிறான். ஒரு வயதில் சொன்ன "அம்மா", "தா" இரண்டும் இப்போது இல்லை. ஆண் பிள்ளை பிந்தித்தான் பேசும் என்கிறார் மாமி. நான் கைப்பேசி கொடுத்ததாலா, 18 மாத ஊசியாலா என்று உறக்கமில்லாமல் இருக்கிறேன். ஓட்டிசம் பற்றித் தமிழில் நல்ல நூல் ஒன்று சொல்வீர்களா?

— ஒரு தாய்

அன்புள்ள மகளுக்கு,

ஊசியால் ஓட்டிசம் வரும் என்ற கதையைத் தூக்கி எறியுங்கள். 1998இல் ஒரு லண்டன் மருத்துவர் 12 பிள்ளைகளை வைத்துக் கிளப்பிய புரளி அது. அதை வெளியிட்ட இதழே 2010இல் கட்டுரையை மீளப் பெற்றுவிட்டது. அவர் குற்றம் சாட்டியதும் வேறு ஊசியை. கைப்பேசியைக் குறையுங்கள், நல்லதுதான். ஆனால் அதை வைத்து உங்களை நீங்களே வதைக்க வேண்டாம்.

எனக்குக் கோபம் வந்தது வேறிடத்தில். சில்லைப் பற்றி எழுதினீர்கள், பிஸ்கட்டைப் பற்றி எழுதினீர்கள். அவன் விரல் நீட்டி எதையாவது உங்களுக்குக் காட்டுகிறானா என்று ஒரு சொல்லும் இல்லை.

போன கிழமை கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில், கோட்டைக்குள் மான்கள் படுத்திருந்த இடத்தில், தகப்பனின் இடுப்பில் ஒரு பெண் குழந்தை. "அந்தா" என்று விரலை நீட்டியது. நீட்டியதும் மானை விட்டுவிட்டுத் தகப்பனின் முகத்தைப் பார்த்தது. மான் அதற்கு வேண்டியதில்லை. தான் கண்டதை அவரும் கண்டாரா என்பதுதான் வேண்டியிருந்தது. பெரும்பாலான பிள்ளைகள் 18 மாதத்துக்குள் இதைச் செய்துவிடுவார்கள். பிஸ்கட்டுக்குக் கை நீட்டுவது இந்தக் கணக்கில் வராது.

அ, இ, உ மூன்றும் சுட்டு என்று பள்ளியில் ஒப்பித்தோம். அந்த உகரத்தைத் தமிழகத்தார் பேச்சில் தொலைத்துவிட்டார்கள். நாங்கள் இன்னும் "உது" என்கிறோம். எனக்குப் பக்கத்தில் இருந்தால் இது. கேட்கிற உங்களுக்குப் பக்கத்தில் இருந்தால் உது. எதிரில் ஒருவர் இருக்கிறார், அவருக்கும் கண் இருக்கிறது என்று தெரிந்தால்தான் அந்தச் சொல் வாயில் வரும். விரலும் அப்படித்தான்.

என் தம்பிக்கு அந்த விரல் நீளவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போய், கையைச் செம்பின் மேல் வைப்பான். முகத்தை ஏறிட்டும் பார்க்கமாட்டான். என் கை அவனுக்கு ஓர் அகப்பை. ஊமை, செவிடு என்றார்கள். தெருக்கோடியில் ஐஸ்பழ வண்டியின் மணி கேட்டால் படலைக்கு ஓடுகிறவன் எப்படிச் செவிடு என்று ஒருவரும் கேட்கவில்லை. நூல் கட்டினார்கள். கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணற்றுத் தண்ணீரையும் அள்ளி வார்த்தார்கள்; அவன் சிரித்தான். அம்மாவின் பாலில்தான் குற்றம் என்றார் அப்பம்மா. அப்பம்மாவை மட்டும் சொல்லி என்ன? லியோ கானர் என்ற மனநல மருத்துவர் 1943இல் ஓட்டிசம் உள்ள 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய பிறகும், தாயின் மனம் குளிர்ந்து கிடப்பதால் வரும் நோய் என்று மெத்தப் படித்த அமெரிக்க மருத்துவர்களே நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அம்மா அதையெல்லாம் வாசித்ததில்லை. பாலைப் பற்றிய பேச்சை மட்டும் சாகும்வரை மறக்கவில்லை.

ஆகவே மாமியிடம் சொல்லுங்கள்: சொல் பிந்தி வருவது வேறு, வந்த சொல் போவது வேறு. பிந்திப் பேசும் பிள்ளைகள் உண்டுதான். வந்த சொல் போனால் ஒரு கிழமைகூடக் காத்திருக்கக் கூடாது. இது ஓட்டிசமா என்று என்னால் சொல்ல முடியாது. கடிதத்தை வைத்து யாராலும் முடியாது. பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி மருத்துவிச்சியிடம் போங்கள். சில்லைப் பற்றிச் சொல்வதற்கு முன், வந்து மறைந்த சொற்களைப் பற்றிச் சொல்லுங்கள். பிஸ்கட் சத்தத்துக்கு ஓடி வருகிறான் என்று விட்டுவிடாமல் காதை முறையாகப் பரிசோதிக்கக் கேளுங்கள். அரைகுறையாகக் கேட்கிற பிள்ளைகளும் உண்டு. குழந்தை நல வைத்திய நிபுணரிடம் அனுப்பச் சொல்லுங்கள். "மூன்று வயதாகட்டும், பார்க்கலாம்" என்று திருப்பி அனுப்பினால் எழுந்து வராதீர்கள். பேச்சுப் பயிற்சியும் விளையாட்டு வழிப் பயிற்சியும் தொடங்க, இது இன்னதென்று மருத்துவர்கள் பெயர் சூட்டி முடியும்வரை காத்திருக்கவும் தேவையில்லை.

நூல் கேட்டிருந்தீர்கள். பிறகு எழுதுகிறேன். திங்கட்கிழமை போகும்போது மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.