பொங்கலும் ஆங்கில வகுப்பும் – வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

தாய்லாந்தின் வடகிழக்கே கோன் கேன் மாகாணத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். இங்கே டிசம்பர் 25 வேலை நாள்தான் என்றாலும், அயல்மொழித் துறை மேடை போட்டுக் கிறிஸ்துமஸ் நடத்துகிறது. ஆங்கில ஆசிரியை என்பதால் சிவப்புத் தொப்பி அணிந்து பாட வேண்டியவள் நான். அடுத்து மூன்று வாரத்தில் வரும் பொங்கல் இங்கே யாருக்கும் தெரியாது. சென்ற ஆண்டு துறைத் தலைவர் கேட்டுக்கொண்டதால், படங்களைத் திரையில் காட்டி வகுப்பில் பொங்கலை விளக்கினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். மாலையில் வீட்டுக்கு வந்து மின்குக்கரில் சர்க்கரைப் பொங்கல் வைத்துத் தனியாகச் சாப்பிட்டபோது வெறுமையாக இருந்தது. இந்த ஆண்டும் அதே கோரிக்கை வந்திருக்கிறது. நம் பண்டிகையை இப்படிக் காட்சிப்பொருளாக்குவது சரியா? சனிக்கிழமைக்குத் தள்ளிவைத்துக்கொள் என்கிறார் அம்மா. ஊர் திரும்பும்வரை விட்டுவிடலாமா என்றும் தோன்றுகிறது.

ம.

அன்புள்ள ம. அவர்களுக்கு,

வகுப்பில் நீங்கள் நடத்தியது ஒரு பாடம். அதைப் பாடமாக நடத்தியதில் பிழை ஏதும் இல்லை, பண்டிகை அதனால் கெட்டும் போகாது. அந்தப் பாடத்தையே உங்கள் பொங்கலாகக் கணக்கில் வைத்துக்கொண்டு, மாலையில் மிஞ்சிய களைப்போடு குக்கரின் பொத்தானை அழுத்தியதால்தான் வெறுமை வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். இரண்டையும் பிரித்துவிட்டால் இரண்டுமே நன்றாக நடக்கும்.

முதலில் வகுப்பு. ஆங்கிலம் என்றாலே கிறிஸ்துமஸும் ஹாலோவீனும்தான் என்று பாடப்புத்தகங்கள் பழக்கிவிட்டன. ஆனால் உங்கள் மாணவர்கள் நாளை ஆங்கிலம் பேசப்போவது பெரும்பாலும் லண்டன்காரர்களோடு அல்ல. வியட்நாம், மலேசியா, பிலிப்பைன்ஸ், இந்தியா என்று தங்களைப் போலவே ஆங்கிலத்தைப் படித்துக் கற்றுக்கொண்டவர்களோடுதான். தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானுக்காக 2007இல் கையெழுத்தான சாசனம் அந்த அமைப்பின் அலுவல் மொழியாக ஆங்கிலத்தை மட்டுமே குறிப்பிடுவதும் இந்த நிலைமையை ஒட்டித்தான். ஆகவே பொங்கல் ஆங்கில வகுப்புக்குள் வருவதற்கு நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை.

படக்காட்சியில் எனக்குத் தெரியும் குறை வேறு. அதில் பேசுபவர் ஆசிரியர் ஒருவர்தான். பிள்ளைகளுக்குக் கைதட்டுவதைத் தவிர வேலை இல்லை. மொழி கற்பிப்பவர்கள் ‘தகவல் இடைவெளி’ என்று ஒன்றைச் சொல்வார்கள்: ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாதபோதுதான் பேச்சுக்கு உண்மையான தேவை எழும். அந்த இடைவெளியை நீங்கள் திருப்பிப் போடலாம். ஈசான் எனப்படும் உங்கள் வடகிழக்குப் பகுதியின் பன்னிரண்டு மாத மரபுச் சடங்குகளில், இரண்டாம் சந்திர மாதத்துக்கு உரியது ‘புன் கூன் லான்’. நவம்பர், டிசம்பரில் அறுவடை முடிந்த பிறகு, களத்தில் நெல்லைக் குவித்து, பிக்குகளை அழைத்து உணவளித்து, நெல்லின் உயிரை அழைக்கும் சடங்கைச் செய்வார்கள். நெல்லுக்கு மே போசோப் என்ற தாய்த் தெய்வமும் உண்டு. இயந்திர அறுவடை வந்த பிறகு பல ஊர்களில் இது தேய்ந்துவிட்டது. ஆனால் உங்கள் மாணவர்கள் பலரின் பாட்டிகளுக்குக் களம் நினைவிருக்கும். அவர்களிடம் கேட்டு வந்து உங்களுக்கு ஆங்கிலத்தில் விளக்கட்டும். உங்களுக்குத் தெரியாததை அவர்கள் சொல்லும்போது வாக்கியப் பிழைகளை மறந்து பேசுவார்கள். அதன்பின் எங்கள் ஊரில் இப்படி என்று நீங்கள் தொடங்கினால், அது பதில் சொல்வதாக இருக்கும், காட்சியாக இராது.

இனி உங்கள் பொங்கல். அம்மாவிடம் மறுத்துப் பேசுவதற்கு மன்னிக்கவும், நாளைத் தள்ளிவைக்காதீர்கள். தீபாவளிப் பலகாரத்தை வார இறுதியில் தின்றால் பெரிய குறை இல்லை என்பது என் கருத்து. பொங்கலோ தை பிறந்த காலையில் சூரியனுக்கு முன் பானை வைப்பது. கோன் கேனில் ஜனவரி நடுவில் சூரியன் 6.40 மணி வாக்கில் உதிக்கிறது. பள்ளியில் எட்டு மணிக்குத்தான் கொடியேற்றம். ஆறு மணிக்கு அடுப்பு மூட்டினால், கொஞ்சம் அரிசியும் பாலும் பொங்கிப் பள்ளிக்குப் புறப்பட நேரம் தாராளமாக இருக்கும்.

தயவுசெய்து மின்குக்கரில் வைக்காதீர்கள். ஈசான்காரர்கள் ‘ஜிம் ஜும்’ என்ற சாறை மேசையிலேயே வைத்துக் கொதிக்கவிடுவது சிறிய மண்பானையில், கரி போட்ட மண் அடுப்பின் மேல். அந்தப் பானையும் அடுப்பும் உங்கள் ஊர்ச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும். பானையைப் புதிதாக வாங்கி, முதல் நாளே நீரில் ஊறவைத்துவிடுங்கள். கரி அடுப்பை மூடிய அறைக்குள் மட்டும் மூட்ட வேண்டாம்; வாசலிலோ முற்றத்திலோ வையுங்கள், சூரியனும் அங்கேதான் தெரியும். ஈசானின் அன்றாட உணவான ஒட்டரிசி இதற்கு ஆகாது, பசையாகிவிடும். மல்லிகை அரிசி குழைந்து வரும், தண்ணீரை மட்டும் நம் பச்சரிசிக்கு ஊற்றுவதைவிடக் குறையுங்கள். தோல் நீக்கி உடைத்த பாசிப்பருப்பை அங்கே இனிப்புகளுக்காக விற்கிறார்கள். வெல்லத்துக்குப் பெட்சபுரிப் பனஞ்சர்க்கரை இருக்கிறது. நிறம் வெளிறியிருக்கும், மணத்தில் குறைவில்லை. பச்சை மஞ்சள் கிழங்கு காய்கறிக் கடையிலேயே உண்டு. கரும்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஜனவரி கோன் கேனிலும் உடோன் தானியிலும் கரும்பு வெட்டும் பருவம், ஆலைக்குப் போகும் லாரிகளுக்குப் பின்னால் நீங்களே காத்து நின்றிருப்பீர்கள். நம் ஊர்ச் செங்கரும்பு கிடைக்காது, அவ்வளவுதான். (தாய்லாந்து என்றதும், பாங்காக் அரசவைப் பிராமணர்கள் உருத்திரிந்த வடிவில் ஓதும் திருவெம்பாவையை நினைவூட்டி நெஞ்சை நிமிர்த்துவது நம்மவர் வழக்கம். உண்மைதான்; ஆனால் கோன் கேனில் அடுப்பு மூட்ட அது உதவாது.)

பொருள்களைவிட ஆள்தான் முக்கியம். நம் பொங்கலும் ஒரே நாளில் முடிவதில்லை. ஜனவரி 16 தாய்லாந்தில் ஆசிரியர் நாள், 1957 முதல் கொண்டாடுகிறார்கள், பள்ளிகளுக்கு விடுமுறை. பொங்கல் 14இல் வந்தால் காணும் பொங்கலும், 15இல் வந்தால் மாட்டுப் பொங்கலும் அன்றைக்கு அமையும். காலையில் ஆசிரியர்கள் கூடும் நிகழ்ச்சி இருந்தாலும் மதியம் உங்களுடையது. பக்கத்து மேசைத் தாய்லாந்து ஆசிரியையையும், உங்களைப் போலவே டிசம்பரில் வீட்டை நினைத்துக்கொண்டு மேடையேறியிருக்கும் பிலிப்பைன்ஸ் ஆசிரியர்களையும், வாடகை வீட்டின் உரிமையாளரையும் சாப்பிட அழையுங்கள். பொங்கலின் வரலாற்றை அவர்களுக்கு விளக்க வேண்டாம், கேட்டால் சொல்லலாம். வாழை இலையில் பரிமாறி, இன்னும் கொஞ்சம் என்று வற்புறுத்தினாலே போதும். ஊர் திரும்பும்வரை விட்டுவிடலாமா என்ற கேள்விக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். சில ஆண்டுகள் விட்ட வழக்கத்தைத் திரும்பத் தொடங்க ஊரிலும் கை வராது.

துறைத் தலைவரிடம் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: பாடத்தைப் பொங்கலன்று வைக்க வேண்டாம். அதற்கு முந்தைய வாரமும் சரிவராது; ஜனவரியின் இரண்டாம் சனிக்கிழமை குழந்தைகள் நாள் என்பதால் பள்ளி அந்தப் பரபரப்பில் இருக்கும். ஆசிரியர் நாளுக்குப் பிந்தைய வாரத்தில் இரண்டு பாடவேளைகளை வாங்கிக்கொண்டு, பாட்டிகளிடம் கேட்க வேண்டிய கேள்விகளை விடுமுறைக்கு முன்பே பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள்.