வல்லாரைப் பாத்தியில் ஏரி வண்டலா?

கேள்வி: பெங்களூரு வர்த்தூர் பக்கம் வீட்டுக்குப் பின்னால் 2 குண்டே (சுமார் 5 சென்ட்) இடத்தில் வல்லாரை போட்டு, கே.ஆர். புரத்தில் தமிழ்க் குடும்பங்களுக்குக் கட்டுக் கட்டிக் கொடுக்கிறேன். போர் தண்ணீர்தான். ஏரியில் தூர்வாரிய வண்டல் ஒரு டிராக்டர் அடித்தும் கொழுந்து மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சை. உரக்கடையில் யூரியாவும் டானிக்கும் கொடுத்தார்கள், கேட்கவில்லை. என்ன தெளிக்கலாம்?

பதில்: அம்மா, இது இரும்புச்சத்துக் குறை. யூரியா கொடுக்கும் தழைச்சத்து குறைந்தால் அடியிலைதான் முதலில் மஞ்சளாகும். கொழுந்தைப் பார்த்துவிட்டு யூரியா கொடுக்கிற கடைக்காரர் பயிரைப் பார்க்கவில்லை, மூட்டையைத்தான் பார்த்திருக்கிறார். போர் தண்ணீரின் காரத்தன்மையால் மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்குக் கிடைக்காது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), கொஞ்சம் எலுமிச்சைச் சாறு கலந்து சாயங்காலம் தெளியுங்கள். 10 நாள் கழித்து இன்னொரு முறை.

என் கவலையெல்லாம் அந்த வண்டல்தான். கண்மாய் வண்டலைப் பொன்னாக நினைத்து வண்டி கட்டி அடித்த குடும்பத்தில் பிறந்தவன் நான். ஆனால் பெல்லந்தூர் ஏரி நுரை 2015-இல் தீப்பிடித்து எரிந்தது. அந்த ஏரி வழிந்துதான் வர்த்தூர் ஏரிக்கு வருகிறது. ஊர்ச் சாக்கடையும் பட்டறைக் கழிவும் வருஷக்கணக்காகப் படிந்த சேறு அது. வல்லாரையோ கணுவுக்குக் கணு வேர்விட்டு, மண்ணில் ஈயம், காட்மியம் மாதிரி நச்சு உலோகம் இருந்தாலும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும் செடி. எத்தனை தண்ணீரில் அலசினாலும், வதக்கித் துவையல் அரைத்தாலும் அது போகாது. பிள்ளைக்கு ஞாபகசக்தி வரும் என்று நம்பித்தானே உங்களிடம் வாங்குகிறார்கள்? ஈயம் கெடுப்பதே பிள்ளைகளின் மூளையைத்தான். வண்டலைச் சத்து மண் என்று லோடு கணக்கில் விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

அந்தப் பாத்திக் கீரையை யாருக்கும் கொடுக்காதீர்கள், வீட்டிலும் சமைக்காதீர்கள். மண்ணையும் போர் தண்ணீரையும் ஆய்வுக்குக் கொடுங்கள். சாதாரண மண் பரிசோதனையில் இது தெரியாது, ஈயம், காட்மியம் என்று தனியாகக் கேட்க வேண்டும். அதுவரை வேறு இடத்துச் செம்மண்ணும் மட்கிய தொழு உரமும் கலந்து, மேடைப்பாத்தி போட்டு, மழைநீர் பிடித்து ஊற்றுங்கள். முருங்கை நிழல் போதும். ஊரில் கிணற்றடி ஈரத்திலேயே தழைத்த கீரை இது, அதிகம் கேட்காது.

புதுச் செடி நர்சரியில் வாங்கினால் இலையைத் திருப்பிப் பாருங்கள். காம்பு இலையின் நடுவில் குடைக்கம்பி மாதிரி சேர்ந்திருந்தால் அது அழகுச்செடி. வல்லாரை என்று சொல்லி விற்கிறார்கள். வல்லாரை இலை காம்பு சேரும் இடத்தில் பிளந்திருக்கும்.