‘உல்லாசம்’ என்று எழுதாதீர்கள்: வாசகர் கேள்விகளும் வழக்கறிஞரின் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கர்நாடகத்தின் ஹாசன் தொகுதி முன்னாள் எம்.பி. பிரஜ்வல் ரேவண்ணா மீதான பாலியல் வன்கொடுமை வழக்கைச் சுற்றியே. ஒரே மாதிரி கேட்டவர்களைச் சேர்த்துவிட்டேன். மூன்று பேர் ‘ஆதாரம்’ என்று வீடியோ லிங்க்கையும் இணைத்திருக்கிறார்கள். திறக்காமலே அழித்துவிட்டேன். இனி யாரும் அனுப்பாதீர்கள்.

ஒரு தலைவரின் படுக்கையறையை எட்டிப் பார்ப்பது வாக்காளர் வேலையா? ஆட்சி நன்றாக நடந்தால் போதாதா? (சேலம் வாசகர்)

வயது வந்த இரண்டு பேர் மனமொத்து இருந்தால் அதில் எனக்கும் உங்களுக்கும் வேலை இல்லை. பிறன்மனை உறவைக் குற்றமாக்கிய 497-வது பிரிவையே உச்ச நீதிமன்றம் 2018-ல் ரத்து செய்துவிட்டது. விவாகரத்துக்கு இன்னும் அது காரணமாகும், ஆனால் அது அவர் மனைவியின் வழக்கு. நான் ஓட்டுப் போடும்போது பார்ப்பது வேறு. அந்தப் பெண்ணால் ‘முடியாது’ என்று சொல்லியிருக்க முடியுமா, சொல்லியிருந்தால் அவள் வேலையும் வீடும் மிஞ்சியிருக்குமா, விஷயம் வெளியே வராமல் இருக்க அவர் பதவியையோ போலீஸையோ அரசுப் பணத்தையோ பயன்படுத்தினாரா, கேட்டபோது பொய் சொன்னாரா. இதில் எதற்காவது பதில் தப்பாக வந்தால் அது படுக்கையறை விஷயம் இல்லை, ஆட்சி விஷயம்தான்.

வெள்ளை மாளிகைப் பயிற்சிப் பெண்ணோடு உறவு வைத்த அதிபர் கிளிண்டனை அமெரிக்கர்கள் மன்னித்துவிட்டார்களே?

1998 நவம்பர் தேர்தலில் அவர் கட்சி கீழவையில் ஐந்து இடம் கூடுதலாகப் பெற்றது, உண்மை. ஆனால் அடுத்த மாதம் வந்த பதவி நீக்கத் தீர்மானம் உறவுக்காக வரவில்லை. சத்தியப் பிரமாணம் செய்துவிட்டுப் பொய் சொன்னார், நீதிக்குத் தடை போட்டார் என்பவைதான் குற்றச்சாட்டுகள். 1999 பிப்ரவரியில் செனட் விடுவித்தது. மக்கள் அவர் கணக்கை முடித்துவிட்டார்கள், சரி. வெள்ளை மாளிகைக்குப் பயிற்சிக்குப் போனபோது அந்தப் பெண் மோனிகா லெவின்ஸ்கிக்கு 21 வயதுதான், உலகமே பல வருடம் அவளை வைத்துச் சிரித்தது. அந்தக் கணக்கை யார் தீர்த்தார்கள்?

பொய் சொல்வது அவ்வளவு பெரிய குற்றமா? எல்லாரும் சொல்வதுதானே?

1963-ல் பிரிட்டன் போர்த்துறை அமைச்சர் ப்ரொஃப்யூமோ பதவி விலகியது நாடாளுமன்றத்தில் எழுந்து ‘தவறான உறவு எதுவும் இல்லை’ என்று சொன்ன பொய்க்காக. மார்ச்சில் சொன்னார், ஜூனில் போய்விட்டார். அதற்கப்புறம் கிழக்கு லண்டனில் ஒரு தொண்டு நிறுவனத்தில் பல பத்தாண்டுகள் வேலை செய்தார், பதவி கேட்டுத் திரும்ப வரவில்லை. நம் ஊரில் 2009-ல் ஆந்திர ஆளுநர் என்.டி. திவாரி பாலியல் வீடியோ சர்ச்சையில் சிக்கி ராஜினாமா செய்தபோது சொன்ன காரணம் உடல்நலம். ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அந்த எம்.பி.யின் ‘உல்லாச வீடியோ’ விவகாரத்தில் மக்கள் ஏன் இவ்வளவு ஆர்வம் காட்டுகிறார்கள்? (கோவை வாசகர்)

ஐயா, நீங்கள் படித்தவர், கையெழுத்துக்குக் கீழே இரண்டு பட்டம் போட்டிருக்கிறீர்கள். இந்த வார்த்தையை எழுதும் முன் ஒரு நிமிடம் யோசித்திருக்கக் கூடாதா?

சில வருடம் முன்பு ஒரு பெண் என் அறைக்கு வந்தார். வீட்டு வேலை செய்பவர். வேலை பார்த்த வீட்டுக்காரர் உள்ளூரில் பெரிய ஆள், வழக்கு நடந்துகொண்டிருந்தது. முந்தானை முடிச்சிலிருந்து நான்காக மடித்த ஒரு செய்தித்தாள் துண்டை எடுத்து என் மேசையில் பிரித்து வைத்தார். மடிப்பு விழுந்த இடமெல்லாம் கிழிந்திருந்தது. ‘மிரட்டி உல்லாசம்’ என்று தலைப்பு. அந்த இரண்டாவது வார்த்தைக்குக் கீழே நீல பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி அழுத்திக் கோடு போட்டிருந்தார், தாள் ஓட்டையாகும் அளவுக்கு. “மேடம், நானா உல்லாசமா இருந்தேன்?” என்று கேட்டார். முப்பது வருஷ வக்கீல் தொழிலில் எனக்குப் பதில் வராமல் போன சில தருணங்களில் அது ஒன்று.

மிரட்டினால் அது வன்புணர்வு. அதில் உல்லாசம் எங்கே வந்தது? ‘லீலை’, ‘சல்லாபம்’, ‘சபலம்’, ‘ஜல்சா’ என்று நம் பத்திரிகைகளும் டீக்கடைகளும் வைத்திருக்கும் அத்தனை சொல்லும் ஆணின் கண்ணிலிருந்து பார்த்து எழுதியவை. ஹாசனில் 2024 ஏப்ரல் 26-ம் தேதி ஓட்டுப்பதிவு, அதற்குச் சில நாள் முன்பு அந்த வீடியோக்கள் அடங்கிய பென் டிரைவ்கள் பஸ் ஸ்டாண்டிலும் பூங்காக்களிலும் கிடந்தன. பெண்களின் முகத்தைக்கூட மறைக்கவில்லை. எதிரியைத் தோற்கடிக்க வேண்டும் என்பதற்காக, ஏற்கெனவே பாதிக்கப்பட்டவர்களை ஊர் நடுவில் நிறுத்தினார்கள். அப்புறம் போனிலிருந்து போனுக்கு அனுப்பியவர்கள் யார்? நம்மைப் போன்ற சாதாரண ஆட்கள். ‘மக்கள் தெரிந்துகொள்ளட்டும்’ என்ற காரணம் வேறு. தெரிந்துகொள்ள ஒரு வரிச் செய்தி போதும், வீடியோ தேவையில்லை. அதை அனுப்புவதே தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67ஏ-யில் ஐந்து வருடம் வரை சிறைக்குரிய குற்றம். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிட்டால் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-வது பிரிவில் இரண்டு வருடம் வரை. பார்வேர்டு செய்தேன், நானா எடுத்தேன் என்று யாரும் என்னிடம் வராதீர்கள், அந்த வழக்கை நான் எடுக்க மாட்டேன்.

இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டு, தேர்தல் நேரம் பார்த்துப் புகார் கொடுப்பது சந்தேகமாக இல்லையா?

இல்லை. பிரஜ்வலுக்குத் தண்டனை கிடைத்த வழக்கில் புகார் கொடுத்தவர் அந்தக் குடும்பத்திடம் கூலி வாங்கிய வேலைக்காரப் பெண். எதிரே நின்றவர் எம்.பி., அப்பா எம்.எல்.ஏ., சித்தப்பா முன்னாள் முதல்வர், தாத்தா முன்னாள் பிரதமர். எந்த ஸ்டேஷன் படியை ஏறச் சொல்கிறீர்கள்? அவருடைய புடவையில் கிடைத்த தடயம் வழக்கில் முக்கிய சாட்சியாக நின்றது. 2025 ஆகஸ்ட் தொடக்கத்தில் பெங்களூரு சிறப்பு நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. மேல்முறையீடு அவர் உரிமை, ஆனால் ‘தேர்தல் நாடகம்’ என்ற பேச்சு அத்தோடு நின்றிருக்க வேண்டும்.

வேட்பாளரின் பிரமாணப் பத்திரத்தில் வழக்கு எதுவும் இல்லையென்றால் நம்பி ஓட்டுப் போடலாமா?

ஆரம்பப் புள்ளி, அவ்வளவுதான். தேர்தல் ஆணையத் தளத்தில் படிவம் 26 என்ற அந்தப் பத்திரம் கிடைக்கும், அவசியம் படியுங்கள். ஆனால் ஹாசனில் முதல் எஃப்.ஐ.ஆர். பதிவானது ஓட்டுப்பதிவு முடிந்து இரண்டு நாள் கழித்து. அதற்குள் பிரஜ்வல் ஜெர்மனி போய்விட்டார். பத்திரத்தில் அது எப்படி இருக்கும்? ஆனால் வேறு அறிகுறிகள் இருந்தன. 2023 ஜூனிலேயே தன்னைப் பற்றிய வீடியோக்களை வெளியிடக் கூடாது என்று ஊடகங்களுக்கு எதிராகத் தடை உத்தரவு வாங்கியிருந்தார். அதே செப்டம்பரில் சொத்து விவரத்தை மறைத்ததாகச் சொல்லி அவருடைய 2019 வெற்றியையே கர்நாடக உயர் நீதிமன்றம் செல்லாது என்றது, உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. இரண்டும் செய்தியில் வந்தவை. கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை, அதில் முதல் ஆள் சீட் கொடுத்த கட்சிதான். இன்னொன்று, எப்போதும் சொல்வதுதான்: எஃப்.ஐ.ஆர். வேறு, குற்றப்பத்திரிகை வேறு, தீர்ப்பு வேறு. மூன்றையும் குழப்பாதீர்கள்.

குற்றவாளி என்று தீர்ப்பு வந்தால் மறுபடி நிற்க முடியுமா?

வன்புணர்வு வழக்கில் தண்டனை பெற்றால் தகுதி போய்விடும், விடுதலையாகி ஆறு வருடம் வரை. 2013 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு வெறுமனே மேல்முறையீடு செய்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கவும் முடியாது.

ஹாசனில் அவருக்கு 6 லட்சத்து 30 ஆயிரம் ஓட்டு விழுந்ததே, அவ்வளவு பேரும் கெட்டவர்களா?

அப்படி நான் சொல்ல மாட்டேன். பலருக்குப் பென் டிரைவ் பேச்சு வதந்தியாகத்தான் வந்து சேர்ந்தது, சாதியும் குடும்ப விசுவாசமும் வேறு. ஆனாலும் 40 ஆயிரத்துச் சொச்சம் ஓட்டில் தோற்றார், 25 வருடம் கழித்து அந்தத் தொகுதி காங்கிரஸிடம் போனது.

தேர்தலுக்கு முந்தைய இரவு போலி வீடியோ வந்தால் என்ன செய்வது?

யாருக்கும் அனுப்பாதீர்கள். நிஜமானாலும் அனுப்பாதீர்கள். எதிராளியின் சொந்த நடத்தை பற்றிப் பொய் என்று தெரிந்தே ஒரு வேட்பாளரோ அவர் ஏஜென்ட்டோ பரப்பினால், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(4)-ன்படி அவர் வென்றாலும் தேர்தல் செல்லாமல் போகலாம். மனுவை 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். 46-வது நாள் வந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நான் ஒரு கட்சி அலுவலகத்தில் சம்பளத்துக்கு வேலை செய்கிறேன். ஒரு நிர்வாகியால் தொல்லை. எங்கே போவது? (ஊர், பெயர் வேண்டாம்)

தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கட்சிக்கும் உறுப்பினருக்கும் முதலாளி–தொழிலாளி உறவு இல்லை, அதனால் பணியிடப் பாலியல் தொல்லைக்கான புகார்க் குழு கட்டாயமில்லை என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-ல் சொன்னதை யாரோ உங்களிடம் காட்டிப் பயமுறுத்தியிருக்கிறார்கள். நீங்கள் சம்பளம் வாங்குகிறவர், உங்கள் நிலை வேறு. பத்துப் பேருக்குக் குறைவான இடம் என்கிறீர்கள், அப்படியானால் மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போங்கள், கலெக்டர் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். எழுத்தில் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் யாருக்கும் நகல் அனுப்பாதீர்கள். கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதம் கெடு. நீங்கள் எழுதியிருக்கும் தேதிப்படி இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது, அதுவரை காத்திருக்காமல் இந்த வாரமே போய்விடுங்கள்.