5 லட்சம் தரேங்கறார், கையெழுத்து போடலாமா?

கேள்வி: வீட்டுக்காரர் ஓசூர்ல ஒரு கம்பெனில 16 வருஷமா வேலை, நான் பர்கூர் பக்கம் தனியார் ஸ்கூல் டீச்சர். கல்யாணமாகி 13 வருஷம், ஒரு பொண்ணு. ஒன்றரை வருஷமா தனித்தனியா இருக்கோம், மியூச்சுவல் டைவர்ஸுக்கு பேசிட்டிருக்காங்க. அவர் பிஎஃப்ல 11 லட்சம், என்னுதுல 2 லட்சம். "பிஎஃப், பென்ஷன் எதுலயும் பங்கு கேக்காத, மொத்தமா 5 லட்சம் தரேன்"ங்கறார். பென்ஷன்ல பாதி கேக்கலாமா? அப்புறம், கொழுந்தனோட மாங்கா மண்டிக்காக எங்கம்மா வீட்ல போட்ட 22 பவுன் என் பேர்லயே 6 லட்சத்துக்கு அடகுல இருக்கு, நாலு வருஷமா நான்தான் வட்டி கட்டி மாத்தி வெக்கிறேன்.

பதில்: கடைசியா "அப்புறம்"னு போட்டு எழுதியிருக்கீங்களே, அதாம்மா விஷயமே. மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

பென்ஷனை முதல்ல விட்ருங்க. அவர் 58 வயசு வரைக்கும் வேலை பார்த்தாலும் பென்ஷன் கணக்குக்குன்னு இருக்கற 15,000 ரூபா சம்பள உச்சவரம்பை வெச்சு கணக்கு போட்டா சுமாரா மாசம் 7,000 சொச்சம்தான் வரும், அதையும் பிஎஃப் ஆபீஸ்காரங்க உங்களுக்கு பாதி பிரிச்சு தரமாட்டாங்க, டைவர்ஸ் ஆயிட்டா விதவை பென்ஷனும் உங்களுக்கு கிடையாது. பொண்ணுக்கு உள்ள உரிமை மட்டும் போகாது.

பிஎஃப்ல சரிபாதின்னு நம்ம சட்டத்துல எங்கயும் இல்ல, ஆனா பேசறதுக்கு ஒரு கணக்கு வேணும்ல. கல்யாணத்துக்கு முந்தி சேர்ந்ததை 1 லட்சம்னு கழிச்சா அவருது 10, உங்களுது 2, மொத்தம் 12, ஆளுக்கு 6. உங்க கையில 2 இருக்கு, அவர் தர வேண்டியது 4. அவர் 5 தரேங்கறார், கேக்க பெரிய மனசு மாதிரி இருக்கு. ஆனா நகையை யார் மீட்கிறது? அந்த 5 லட்சத்தை கொண்டுபோய் பேங்க்ல கட்டினாலும் இன்னும் ஒரு லட்சம் பத்தாது. ஆக உங்க நகையை மீட்க உங்களுக்கே காசு குடுத்துட்டு அதுக்கு செட்டில்மென்ட்னு பேர் வெக்கறாங்க.

வட்டியையும் பாருங்க. 9 சதவீதம்னாலும் வருஷம் 54,000, நாலு வருஷத்துக்கு 2 லட்சத்துக்கு மேல உங்க டீச்சர் சம்பளத்துல போயிருக்கு. முதலையும் கட்டித்தான் மாத்தி வெக்கணும்னு பேங்க்ல சொல்லும்போதெல்லாம் ரெண்டு நாளைக்கு வெளிய கைமாத்து வாங்கியிருப்பீங்க, அந்த வட்டி தனி. பவுன் விலை இப்ப எங்க நிக்குதுன்னு பாருங்க, 6 லட்சம் கடனுக்காக அத்தனை நகையும் மாட்டிக்கிட்டிருக்கு. மாங்கா சீசன் வரட்டும் அண்ணின்னு கொழுந்தன் இந்த வருஷமும் சொல்வார், சொல்லாம இருக்கமாட்டார்.

பொறந்த வீட்ல போட்ட நகை உங்க சீதனம், அதுல அவருக்கோ அவர் தம்பிக்கோ பங்கில்ல. அதனால கேக்க வேண்டியது 4 லட்சம் பிஎஃப்க்கு, 6 லட்சம் நகைக்கு, 2 லட்சம் வட்டிக்கு, ஆக 12. பேசிப்பேசி 10க்கு வந்தா கூட சரி, ஆனா நகை வீட்டுக்கு வராம பேச்சே இல்லைன்னு வக்கீல்கிட்ட சொல்லிருங்க. பொண்ணு செலவு இதுல சேராது, அது தனியா எழுதணும்.

மியூச்சுவல்னா உங்க கையெழுத்து இல்லாம நடக்காது. முதல் பெட்டிஷன்லயே நகைக்கடன் நம்பரோட எழுதி, ரெண்டாவது தடவை கோர்ட்டுக்கு போறதுக்குள்ள நகை உங்க கையிலயும் பாக்கி டிடியாவும் வந்தாகணும், தீர்ப்பு வந்தப்புறம் துரத்தறது ரொம்ப கஷ்டம். முடியாதுன்னு முறுக்கினா ஜீவனாம்ச கேஸ் போடலாம், 2020ல சுப்ரீம் கோர்ட் சொன்னதுக்கப்புறம் அதுல ரெண்டு பேரும் சொத்து கடன் எல்லாத்தையும் அஃபிடவிட்ல காட்டியே ஆகணும்.

அது வரைக்கும் மாத்தி வெக்கிறதுக்குன்னு கைமாத்து வாங்காதீங்க. ஏல நோட்டீஸ் வந்துட்டா மட்டும் வட்டியை கட்டி ரசீதை பத்திரமா வெச்சு கணக்குல சேருங்க.

பணம் வந்ததும் ஒரே பிரீமியம் பாலிசின்னு யாராச்சும் பேப்பரை நீட்டுவாங்க. டைவர்ஸ் பணம் வருதுன்னா எப்படித்தான் மோப்பம் புடிக்கறாங்களோ. போஸ்ட் ஆபீஸ் மாசாந்திர வருமான திட்டத்துல போடுங்க, போதும். அப்படியே டைவர்ஸ் ஆன கையோட உங்க பிஎஃப் நாமினில பொண்ணு பேரை போட்ருங்க.